ஒன்பதாம் தட்டில் ஒரு கை

இந்தக் கதையில் வருகிற பெண்ணுக்குக் கற்பனை என்பது மருந்துக்கும் கிடையாது. பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறாள். ஒரு புள்ளி இடம் மாறினாலும் கவிழ்ந்துவிடுகிற பிழைப்பு. பொய் சொல்லிப் பழகவே வாய்ப்பில்லை. அவள் சொன்னபடியேதான் இது.

நடந்தது பகல் பதினொன்றே முக்காலுக்கு. கும்மிருட்டில்.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஜன்னலே இல்லாத ஒரு வளர்ப்பறை உண்டு. இலைப்புள்ளி நோயைக் கொண்டுவருகிற பூஞ்சை இருட்டிலும் ஈரத்திலும்தான் முளைக்கும். விஞ்ஞானிகளுக்கோ ராத்திரி தூக்கம் வரும். ஆகவே செடிகளின் ராத்திரியைத் தூக்கிப் பகலில் வைத்துவிட்டார்கள். காலை பத்துக்கு உள்ளே விளக்கு அணையும். மாலை ஆறுக்கு விடியும். நடுவில் யாராவது போனால் மங்கலான பச்சை விளக்கு ஒன்றுதான். செடிகளுக்குப் பச்சை வெளிச்சம் அவ்வளவாக உறைக்காதாம்.

இயக்குநரின் பெயர் சங்கமம். அப்பா வைத்ததல்ல, ஊழியர்கள் வைத்தது. பயிர்ப் பாதுகாப்பு, நுண்ணுயிரியல், பொருள் வேதியியல், மென்பொருள் என்கிற நான்கு துறைகளின் சங்கமம் இது என்று சொல்லாமல் அவர் எந்த மேடையைவிட்டும் இறங்கியதில்லை. பிறந்தநாள் கேக் வெட்டும்போதும் கத்தியைப் பிடித்தபடி சொன்னார். வேதியியல் அவருடையது. இலைமேல் தெளித்தால் பூஞ்சையை அண்டவிடாத வெள்ளைப் பொடி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். "தாய்ப்பால் மாதிரி, யாரையும் ஒண்ணும் செய்யாது" என்பார். அந்த அறைக்குள் அவர் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை.

நாற்றுத் தட்டுகளுக்கு மேலே இருட்டிலும் படமெடுக்கிற கேமராக்கள். படத்தைப் பார்த்து நோய்ப்புள்ளிகளை எண்ணுவது நம் பெண்ணின் புரோகிராம். அதனால் அவள் பெயர் 'சிஸ்டம்'. யாராவது கையை நீட்டினால் நகத்தையும் புள்ளியென்று எண்ணிவிடுமே? அதற்காக, கை தெரிகிற படங்களைத் தள்ளிவிடும்படி ஒரு வரி எழுதியிருந்தாள். அவள் சேருவதற்கு முன்பு எடுத்த பழைய படங்களைக் காட்டி, இது இலை, இது புள்ளி, இது கை என்று அதற்குப் பழக்கியதும் அவள்தான்.

மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. புதன்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. தினக்கூலி ஆள் யாராவது வந்து பொடி தெளித்துவிட்டுப் போகிற ஒன்பதாம் தட்டின் கணக்கைக் காட்டினால் வேலை நிரந்தரம். காட்டாவிட்டால் வீடு. அம்மா தினமும் போனில் கேட்பது ஒன்றே ஒன்று: "பர்மனென்ட் ஆயிடுச்சாடி?"

ஒன்பதாம் தட்டுக்கு மட்டும் கணக்கே வரவில்லை. திரையில் ஒரே வாசகம், வரிசையாக.

கை தெரிகிறது. படம் நீக்கப்பட்டது.

நீக்கிய படங்களைத் திறந்து பார்த்தாள். கை இல்லை. இலைகள்தான். ஆனால் ஓர் இலை மட்டும் புரண்டு, அடிப்பக்கம் தெரிய நின்றது. ஐந்து நிமிஷம் கழித்து எடுத்த படத்தில் அது நேராகிவிட்டது. பக்கத்து இலை புரண்டிருந்தது.

அதற்கடுத்த படத்தில், அதற்கடுத்தது.

"உள்ள யாருமே இல்ல சார். ஆனா கை இருக்குன்னு சொல்லுது."

"அந்தக் கையை எடுத்துடும்மா. ஒரு வரிதானே?" என்றார் சங்கமம்.

"ஏன்னு தெரியாம எப்படி சார் எடுக்கிறது?"

"நாலு துறை சங்கமிக்கிற இடத்துல ஒரு கை குறுக்க வரலாமா?"

செவ்வாய்க்கிழமை அவளே உள்ளே போனாள். மணி பதினொன்று நாற்பது. பச்சை விளக்கைப் போட்டாள். எல்லாம் குளத்தடியில் கிடப்பதுபோல இருந்தது. மின்விசிறி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் காற்றுதான் இலையைப் புரட்டுகிறது என்று முடிவு கட்டினாள். படித்தவர்களுக்கு முடிவு சீக்கிரம் வந்துவிடும்.

விசிறியை நிறுத்தினாள்.

அமைதி.

ஒன்பதாம் தட்டின் முதல் இலை... மெல்லப் புரண்டது.

பிறகு இரண்டாவது.

மூன்றாவது.

கதவுப் பக்கமிருந்து ஓர் இருமல். வறண்ட இருமல். க்ஹ்... க்ஹ்...

"யாரு?"

இலைகள் புரள்வது நின்றது. கடைசி இலைக்கு அடுத்து, தட்டின் விளிம்பில் இருந்தது அவள் கை.

சில்லென்று ஏதோ பட்டது.

சுண்டுவிரல் மேலே தூக்கப்பட்டது. மெதுவாக. புரட்டி, அடியில் பார்ப்பதுபோல.

பிறகு மோதிர விரல்.

பிறகு...

அவள் வெளியே ஓடி வந்தது அவளுக்கே நினைவில்லை. நடைபாதையில் பூஞ்சை அக்கா பிடித்துக்கொண்டாள். நுண்ணுயிரியல்காரி, இருபது வருஷமாகப் பூஞ்சை வளர்க்கிறவள்.

"என்னடி சிஸ்டம், ஹேங் ஆயிட்டியா?"

அவள் நேரே போய், மேஜையிலிருந்த கேமராவுக்குக் கீழே தன் கையை வைத்தாள். கை இல்லை என்றது புரோகிராம். அக்காவின் கையை இழுத்து வைத்தாள். கை இல்லை. அந்த வழியாக வந்த சங்கமத்தின் கையை, கேட்காமலே வைத்தாள். நோயுற்ற இலை, புள்ளிகள் நான்கு.

"கரெக்டாத்தான் சொல்லுது" என்றாள் அக்கா, அவர் போனபிறகு.

நம் பெண் சிரிக்கவில்லை. பழக்கிய பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அத்தனையிலும் இருந்தது ஒரே ஆளின் கை. புரோகிராமுக்கு உலகத்தில் தெரிந்த கை அது ஒன்றுதான். நீண்ட விரல்கள். நகங்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன.

"யார் கைக்கா இது?"

அக்காவின் முகம் மாறியது.

"தெளிப்புக்காரர். பொடி தெளிச்சுட்டு இலை இலையா புரட்டிப் பாப்பாரு. அடியிலயும் பட்டிருக்கான்னு."

"இப்ப எங்க இருக்காரு?"

"உங்கிட்ட யாரும் சொல்லலையா? நீ சேர்றதுக்கு முன்னாடியே போய்ட்டாருடி. நுரையீரல். சிகரெட்டக் கையால தொட்டதில்ல மனுஷன். மாஸ்க் கேட்டாரு. பாக்க வர்றவங்க பயந்துடுவாங்கன்னு சங்கமம் தரல."

"நாளைக்குக் குழுகிட்ட சொல்லிடலாம்க்கா."

"என்னன்னு? செத்தவரு வந்து சோதனைய மேற்பார்வ பாக்குறாருன்னா?" அக்கா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. உனக்கு உங்கம்மா இருக்காங்க. பாத்துக்க."

மாலை ஐந்து பத்துக்கு அவள் அந்த வரியை அழித்தாள்.

புதன்கிழமை ஒன்பதாம் தட்டின் கணக்குப் பிரமாதமாக வந்தது. புள்ளி பூஜ்யம். குழு கைதட்டியது. சங்கமம் சங்கமத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். வேலை நிரந்தரமானது. ஆணையின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது: காலியாக உள்ள தெளிப்புப் பணியையும் இவரே கூடுதலாகக் கவனிப்பார்.

மாஸ்க் கேட்டாள்.

"தாய்ப்பால்மா" என்றார் சங்கமம்.

அதன்பிறகு ஒன்பதாம் தட்டில் எந்த இலையும் புரளவில்லை. எட்டு மாதம் தினமும் அவளே பொடி தெளித்தாள். அடியிலும் பட்டிருக்கிறதா என்று அவளே புரட்டிப் பார்த்தாள்.

போன வாரம் கம்ப்யூட்டரை மாற்றினார்கள். அவள் திருத்துவதற்கு முந்தைய புரோகிராமை அப்படியே ஏற்றியதில், அழித்த வரியும் கூடவே வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. தெளித்து முடித்து, இருமிக்கொண்டே வெளியே வந்து திரையைப் பார்த்தாள். மணி பதினொன்றே முக்கால்.

கை தெரிகிறது. படம் நீக்கப்பட்டது.

படத்தைத் திறந்தாள்.

இந்த முறை கை இருந்தது. அவளுடைய கடிகாரம். அவளுடைய விரல்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் வெளுப்புப் போகாத நகங்கள்.

தட்டின்மேல் கை சும்மாதான் கிடந்தது. சுண்டுவிரல் மட்டும் தனியே மேலே நின்றது.

யாரோ தூக்கி, அடியில் பார்ப்பதுபோல.