போடாத அடைப்புக்குறி

விக்கிரமங்கலத்துப் பொண்ணு தமிழ்மொழிக்கு அடைப்புக்குறி போடுகிறவர்களைக் கண்டாலே இளக்காரம். பெரம்பலூரில் பொறியியல் படித்த காலத்திலேயே எந்தக் குறி எதற்கு முந்தும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கூட்டலுக்கு முன் பெருக்கல். 'அல்லது'வுக்கு முன் 'மற்றும்'. பத்தில் நாலு போக, மூணு போக என்றால் இடது பக்கமிருந்து கழித்து வர வேண்டும். "இது தெரியாதவதான் வளைவு வளைவாப் போட்டு வைப்பா" என்பாள். கல் உடைத்த குடும்பத்தில் கம்ப்யூட்டர் தொட்ட முதல் ஆள். கொஞ்சம் திமிர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊரும் விட்டுவிட்டது.

சென்னை வேலையை விட்டு வந்து, அக்கம்பக்கத்துக் குவாரிகளுக்கு மென்பொருள் எழுதிப் பிழைத்தாள். கீழப்பழுவூருக்கு அப்பால் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் அக்கா ஜோதியின் புருஷன் கலைச்செல்வன் வெடிக்குழி போடுகிறவர். அங்கே வெடியைக் கிளப்பும் பெட்டிக்குக் கட்டளை எழுதும் வேலையை அவர்தான் பேசி வாங்கிக் கொடுத்தார்.

போர்மேன் நடராசன் விதியைச் சொன்னார். "சைரன் முழுசா ஊதியிருக்கணும்... மேனேஜர் சாவியோ, இல்ல என் சாவியோ திரும்பணும். அப்பத்தான் வெடிக்கணும்."

காதில் விழுந்த வரிசையிலேயே தட்டினாள்: சைரன் மற்றும் மேனேஜர் அல்லது போர்மேன். 'ஊதியிருக்கணும்' என்று சொல்லி நடராசன் ஒரு மூச்சு விட்டு நிறுத்தினாரே, அந்த இடத்தில்தான் அடைப்புக்குறி இருந்தது. மூச்சு எந்த இயந்திரத்துக்குக் கேட்கும்? அது 'மற்றும்' இருந்த இடத்தை முதலில் முடிச்சுப் போட்டுக்கொண்டது. சைரனும் மேனேஜரும் ஒரு ஜோடி, போர்மேன் தனி. அவர் சாவி ஒன்று திரும்பினாலே போதும், சைரன் வேண்டியதில்லை.

சோதனை நாளில் சைரனை அணைத்துவிட்டு மேனேஜர் சாவியைத் திருப்பிப் பார்த்தாள். பெட்டி அசையவில்லை. போர்மேன் சாவியை அப்படித் திருப்பிப் பார்க்கவேயில்லை. "சைரன் ஊதாம இது ஒருநாளும் வெடிக்காதுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு நடராசன் சாவியை முதலில் திருப்பி வைத்துவிட்டு, சைரன் பக்கம் கையை நீட்டினார். அதற்குள் பாறை வெடித்துக் கிளம்பியது. கீழே வயரை இணைத்துவிட்டு நிமிர்ந்த கலைச்செல்வனின் முகத்தைக் கல் அள்ளிக்கொண்டு போனது. இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணை வைத்துத்தான் அவரை அடையாளம் சொன்னார்கள்.

தமிழ்மொழி போய்ச் சேர்ந்தபோது நடராசனைச் சட்டை கிழியப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அவள் சொந்தக்காரர்கள். ஒரு பல் மண்ணில் கிடந்தது. ஒருவன் கடப்பாரையின் மழுங்கிய முனையால் விலாவில் இடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. கூந்தல் அவிழ்ந்த ஜோதி, கை நிறைய ஒரு கல்லோடு கூட்டத்தைப் பிளந்து வந்தாள்.

"சைரன் இல்லாம வெடிக்காதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சேடா!" என்று நடராசன் ரத்தத்தோடு கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை.

தமிழ்மொழிக்கு மடிக்கணினியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வரி கண்ணுக்குள்ளேயே நின்றது. வாயை மூடிக்கொண்டால் போதும். அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருத்தரும் இல்லை. இன்னும் நாலு மிதியில் நடராசன் செத்துவிடுவார், அதோடு எல்லாம் அவர் தலையில் போய்விடும். பாவி, அவளுக்கு அந்த ஆசையும் ஒரு கணம் வந்தது.

ஓடிப்போய் அவர் மேல் விழுந்தாள். முதுகில் இரண்டு மிதி விழுந்தது.

"விடுங்க! அவரு மேல தப்பு இல்ல. நான் எழுதினது தப்பு!"

"என்னடி உளர்ற?" என்றாள் ஜோதி.

"ரெண்டு வளைவு போடணும்க்கா. நான் போடல. சைரன் ஊதாட்டியும் வெடிக்கிற மாதிரி எழுதிட்டேன். வெடிக்காதுன்னு நான் சொன்னதை நம்பித்தான் அவரு சாவியத் திருப்புனாரு."

மிதித்த கால்கள் நின்றன. ஜோதி பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவள். ஆனால் அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"அப்ப ஒம் மாமனை நீயாடி கொன்ன?"

"ஆமாக்கா."

நடராசனுக்காக எடுத்த கல் ஜோதியின் கையிலேயே இருந்தது. அவள் அதை ஓங்கியபோது தமிழ்மொழி கையைத் தூக்கித் தடுக்கவில்லை.