அலாரம் அடித்த அன்று நான் செய்த மொழிபெயர்ப்பு

பச்சை டப்பாவில் ஒரு பாடி ஸ்ப்ரே அப்போது வரும். எலுமிச்சையும் சோப்பும் கலந்த மாதிரி ஒரு காட்டமான வாசனை… இப்போதும் எங்காவது லிஃப்டில் அந்த வாசனை அடித்தால் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுகிறேன்.

விமானத்தில் கேபின் க்ரூவாகச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாத சமயம். வடக்கனந்தலில் இருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். குத்தகைக்கு நிலம் உழுத அப்பா, என் யூனிஃபார்ம் போட்டோவை லேமினேட் பண்ணி கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறுபவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். நானோ என் ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிடக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். அவ்வளவு பெரிய மனுஷன் நான்!

அன்று சென்னையிலிருந்து மும்பைக்கு மதிய விமானம். எங்கள் ஊருக்கு அருகில் இருக்கும் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஏழெட்டு பேர் ஏறினார்கள். மும்பையில் விமானம் மாறி அன்று மாலையே வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும். கார்பெட்டில் செருப்புக்காலோடு நடக்கக் கூச்சப்பட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

அவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது நான் வாய் தவறி ஊர்ப் பேச்சிலேயே "இன்னாங்க வேணும்?" என்றுவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி, நீ எந்த ஊருப்பா? பேச்சு நம்ம பக்கமாட்டம் இருக்குது?"

"இல்லைங்க. மெட்ராஸ்" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கு வியர்த்துக் கொட்டியது. சீனியர் மேடம் மும்பைக்காரர். நல்லவர்தான், ஆனால் வியர்வை வாடை வந்தால் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். பின்பக்க டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி, அந்தப் பச்சை டப்பாவை எடுத்துக் கழுத்து, அக்குள், சட்டை என்று அடித்தேன். டாய்லெட்டுக்குள் ஸ்ப்ரே அடிக்கக்கூடாது, புகை டிடெக்டர் அதைப் புகை என்றே எடுத்துக்கொள்ளும் என்று பயிற்சியில் தலைபாடாக அடித்துச் சொல்லியிருந்தார்கள். ரெண்டு நொடிதானே என்று நினைத்தேன்.

நான் வெளியே வந்தேன். என்னிடம் ஊர் கேட்ட அதே வெள்ளிமலைக்காரர், வெளியே காத்திருந்தவர், உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் அலாரம் அலறியது…

கற்றுக்கொடுத்ததை எல்லாம் கை தானாகச் செய்தது. தீயணைப்பு சிலிண்டரை எடுத்தேன். புறங்கையால் கதவைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. சீனியர் மேடம் இன்டர்காமில் கேப்டனுக்குத் தகவல் சொன்னார். வெளியிலிருந்தே தாழ்ப்பாளை நீக்கிக் கதவை விரலளவு திறந்தேன். புகை இல்லை. சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டு அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு பீடிக்கட்டு.

மேடம் அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டார். குப்பைத்தொட்டியைக் கிளறினார், ஒரு பீடித்துண்டும் கிடைக்கவில்லை. டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் பண்ணியிருப்பான் என்றார். பிறகு என்னைப் பார்த்து, இவன் என்ன சொல்கிறான் என்று கேள் என்றார். அந்த விமானத்தில் க்ரூவில் தமிழ் தெரிந்தது நான் ஒருவன்தான்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பீடி புடிக்கலப்பா. எங்கிட்ட நெருப்பு ஏது? தீப்பெட்டிய மெட்ராசுலயே புடுங்கிக்கினாங்க. உள்ள போவசொல்லவே செண்டு வாசன கப்புனு அடிச்சிக்கினு இருந்திச்சி… அத்தயும் அந்தம்மாகிட்ட சொல்லு தம்பி. என்னைய வுட்டுட்டு இவங்கல்லாம் போய்டுவாங்க."

எல்லாம் சொல்லிவிட்டார் மனுஷன். ஒரு வக்கீல்கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் போதும். ஆனால் அந்தச் செண்டு வாசனை என் சட்டையில் வீசிக்கொண்டிருந்தது. எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. அந்த லேமினேட் போட்டோவோடு அப்பா கண் முன்னால் வந்தார்.

"தெரியாமல் செய்துவிட்டாராம், மன்னிக்கச் சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேடம் கேப்டனிடம் அதையே சொன்னார். ரிப்போர்ட்டை எழுதச் சொன்னது என்னை. சீட் நம்பர், பெயர், குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்ற வரி… எல்லாம் என் கையெழுத்தில், அழகாக.

மும்பையில் பாதுகாப்பு ஆட்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள். கூட வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அடுத்த விமானத்துக்குப் போய்விட்டார்கள். அவரை மட்டும் தனியாக அழைத்துப் போனார்கள். என்னைத் தாண்டும்போது நின்றார்.

"எனக்காவ இம்மா நேரம் அந்தம்மாகிட்ட பேசுன தம்பி. நீ நல்லா இருக்கணும்" என்றார்.

கும்பிட்டுவிட்டுப் போனார். நான் பதிலுக்கு, எல்லாப் பயணிகளுக்கும் சொல்வது போல, நன்றி வணக்கம் என்றேன். எழுதும்போதே காதெல்லாம் எரிகிறது…

அன்று மாலை விமானத்தை அவர் பிடித்தாரா, இல்லை ஊருக்கே திரும்பினாரா, எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. பிறகு எத்தனையோ தடவை ஊருக்குப் போயிருக்கிறேன். வெள்ளிமலை பஸ் பக்கத்தில் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எனக்கு வேலை நிரந்தரம் ஆனது. சீனியர் ஆனேன். இப்போது சென்னையில் புதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களில் ஒருவரும் என்னைப் போல இல்லை. தியாகதுருகம் சார், சங்கராபுரம் சார் என்று சத்தமாக ஊர்ப்பெயர் சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். புகை பாடம் எடுக்கும்போது அவர்களிடம் சொல்வேன்: கண்ணால் பார்த்ததை, மூக்கால் உணர்ந்ததை அப்படியே கேப்டனிடம் சொல்லுங்கள், கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "சார், உங்க ஃப்ளைட்ல நெஜமாவே அலாரம் அடிச்சிருக்கா?"

"ஒரு தடவை. பயணி ஒருத்தர் பீடி பிடிச்சிட்டார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

அன்றைக்காவது வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது. இன்றைக்கு என்ன பயம்?