பாப்பாத்தி அக்காவின் இரவுச் சோறு

சனிக்கிழமை காலை ஆறரைக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். ராசிபுரம் தாண்டி, காரவள்ளியில் மலை தொடங்கியது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் தலை சுற்றியது. முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தார். “வெறும் வயித்தோட வந்தீங்களா?” ஆமாம் என்றதும் மலைவாழைப்பழம் ஒன்றை உரித்தே கொடுத்தார்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. மூத்தோர் தடகளப் போட்டிகளில் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறேன். அங்கே பழக்கமானவர்தான் பாப்பாத்தி அக்கா. இந்த மலைமேல் செம்மேட்டுக்குப் பக்கத்தில் விவசாயம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஒருமுறைகூட நான் அவரை முந்தியதில்லை. ஆனால் போன போட்டியில் பாதியிலேயே நின்றுவிட்டார். அதன்பின் ஓடவில்லை. “ஞாயித்துக்கெழம திரும்ப ஓடிப் பாக்கப்போறேன். கூட வாரியா அம்மிணி?” என்று போனில் கேட்டதால்தான் இந்தப் பயணம்.

அன்று அக்கா வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கடைந்த கீரை, ஆளுக்கொரு முட்டை. அக்காவின் கணவர் காளியண்ணன், சோறு அப்படியே இருந்த என் தட்டைப் பார்த்தார்.

“ஏனுங்க, நல்லா இல்லீங்களா?”

“ரொம்ப நல்லா இருக்குங்க. நான் ராத்திரிச் சோறு நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. எடை குறைஞ்சா வேகம் வரும்னு.”

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினார். “நானும் அதயேதான் பண்ணுனேன். ஒடம்ப எறக்குனா இன்னும் வேகமா ஓடலாம்னு ஒரு போட்டியில யாரோ சொன்னாங்க. ராத்திரிச் சோத்த உட்டுட்டேன். வேகம் வரல. மொளகு பறிக்க ஏணி ஏறுனாலே காலு நடுங்குச்சு. போன போட்டியில ஓடறப்ப கண்ணு இருட்டிக்கிச்சு.”

“அப்புறம்?”

“ரத்தம் கொறஞ்சிருக்குதுன்னு டாக்டர் மாத்திரை குடுத்தாரு. நான் திங்காம தானும் திங்கமாட்டேன்னு இவரு உக்காந்துட்டாரு.”

காளியண்ணன் எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை ஆளுக்கொரு தம்ளர் கேழ்வரகுக் கஞ்சி குடித்துவிட்டுச் சோளக்காடு ரோட்டில் இறங்கினோம். பனிமூட்டம். முதல் மேட்டில் அக்காவின் முகம் இறுகியது. நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்து ஏறினார். மேடு முடிந்ததும் அவர் கால்கள் பழைய தாளத்துக்கு வந்துவிட்டன, நான் பின்தங்கினேன். வளைவுக்கு அப்பால் அவருடைய மஞ்சள் பனியன் மறைந்தது.

சோளக்காட்டுச் சந்தையில் பலாச்சுளைக் கூடைகளுக்கு நடுவே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பைக்கோடு காளியண்ணன்.

“நிக்காம வந்துட்டேன் கண்ணு,” என்றார் அக்கா.

வீடு திரும்பியதும் கேழ்வரகுக் களியும் மோரும். மூவருமாகச் சட்டியைக் காலி செய்தோம். அந்த வீட்டில் மறைத்துவைத்த மருந்தோ மாயமோ கிடையாது. மலையில் விளைந்ததை நேரத்துக்கு, வயிறு நிறைய, சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஐம்பத்தேழு வயதில் ஒருத்தி அப்படி ஓடுவதைப் பார்த்த பிறகு, அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

மத்தியான பஸ்ஸில் மலை இறங்கினேன். சேலத்தில் எங்கள் வீட்டில் கணவர் டிவி முன்னால், மகள் போனோடு, ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுவார்கள். நான் வெந்நீர் குடித்துவிட்டுப் படுப்பேன்.

அன்று ஏழு மணிக்கு மூன்று தட்டு வைத்தேன்.

“உனக்குமா?” என்றாள் மகள்.

“எனக்கும்தான்,” என்று சொல்லி உட்கார்ந்தேன்.