செவ்வந்தி மாலை போட்ட படகு

என் மனைவிக்குத் தண்ணீர் என்றாலே பயம். குருவிட்டப் பக்கம் ஆற்றில் குளிக்கப் போன அவளுடைய தம்பி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்த ஆற்றிலும் கால் வைத்ததில்லை. குளிப்பதும் துவைப்பதும் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பொதுவான பீலித் தண்ணீரில்தான். அப்படிப்பட்டவளிடம் போய், ஒரு படகைச் சரிசெய்து தண்ணீரில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். ரெண்டு நாள் எனக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

அப்போது நான் இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஃபேக்டரி ஃபிட்டர். டவுனில் மாணிக்க வியாபாரம் செய்த முதலாளி ஒருவர், நல்ல கல் அகப்பட்ட சந்தோஷத்தில் வேகப்படகு ஒன்று வாங்கியிருந்தார். அதன் இன்ஜின் படகுக்கு உள்ளே இருக்கும். புரொப்பெல்லரைச் சுற்ற வைக்கிற பாகம் பின்பக்கம் வெளியே தொங்கும். நாங்கள் அதைக் கால் என்றுதான் சொன்னோம். மனுஷன் இன்ஜினைப் பெரிதாக மாற்றிவிட்டுக் காலைப் பழையபடியே விட்டிருந்தார். மாட்டுக்கு ஆட்டுக்கால் வைத்தால் தாங்குமா? உள்ளே இருந்த பல்சக்கரங்கள் நொறுங்கிப் போயின. பிறகு இரட்டைப் புரொப்பெல்லர் வைத்த கனமான கால் ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்து, முன்பு தன் லொறியைப் பழுது பார்த்த என்னைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக் கொட்டகையில் வேலை. காலிலிருந்து வருகிற தண்டும் இன்ஜினும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், மயிரிழை விலகினாலும் உள்ளே ஏறாது. இன்ஜினைக் கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் இறக்கி, கிரீஸ் பூசி, ஒரு பகல் முழுக்கத் தள்ளினேன். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனபோது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் புகாமல், கால் படகோடு சேரும் மூட்டுக்குப் புது ரப்பர் உறையும் மாட்டினேன்.

“அந்த ரப்பர் கிழிஞ்சா என்னங்க ஆகும்?” என்று வீட்டில் மனைவி கேட்டாள். படகுக்குள் தண்ணீர் வரும் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு என்றைக்குமே தெரியாது.

ஓட்டிப் பார்க்கும் நாளில் படகை எம்பிலிப்பிட்டியவுக்கு அப்பால் இருந்த பெரிய நீர்த்தேக்கத்துக்கு இழுத்துப் போனோம். அவளும் கிளம்பிவிட்டாள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டுமாம். கையில் எலுமிச்சம்பழமும் தானே கட்டிய செவ்வந்தி மாலையும் வைத்திருந்தாள். எங்கள் ஃபேக்டரியில் சந்தனமும் மாலையும் இல்லாமல் எந்தப் புது மெஷினும் சுற்றாது. படகுக்குச் சக்கரம் இல்லாததால், அதை ஏற்றி வந்த வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். மாலையைப் புதுக் காலுக்குப் போட்டுக் கும்பிட்டாள். கும்பிட்டது காலுக்காகவா, என் உயிருக்காகவா என்று கேட்க வேண்டியதில்லை.

படகை இறக்குமுன் நான் மாலையைக் கழற்றப் போனேன். முதலாளி பதறிப்போய் என் கையைப் பிடித்தார். பதறினால் அவருக்குச் சிங்களம்தான் முதலில் வரும், மெக்கானிக் என்றால் யாரையும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்.

“கலவன்ன எபா, பாஸ். சாமிக்குப் போட்டது கழட்ட வேணாம்.”

மாணிக்கக் குழி வெட்டுகிறவர்கள் பூசை வைக்காமல் மண்ணைத் தொடமாட்டார்கள். அவரோடு வாதாடி என்ன பயன்? புரொப்பெல்லரில் சிக்காதபடி மாலையை மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினேன். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சும் துவாரங்கள் காலின் இரண்டு பக்கமும் இருப்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வந்தது?

அவளைக் கரையில் விட்டுவிட்டு நானும் முதலாளியும் ஏறினோம். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கால் அசையவில்லை, ரப்பரும் கசியவில்லை. முதலாளி குழந்தை மாதிரி கூவினார். கரை சின்னதாகத் தெரிகிற தூரத்துக்குப் போனதும் சூடு காட்டும் முள் ஏறி எச்சரிக்கை மணி அலறியது. இன்ஜினை நிறுத்திக் காலைத் தூக்கிப் பார்த்தேன். மாலை அறுந்து, துவாரம் முழுக்கச் செவ்வந்தி இதழ் அடைத்திருந்தது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரையில் நிற்பவளுக்குத் தெரிவது, சத்தம் நின்றுபோன படகு மட்டும்தானே. பயப்படாதே என்று சொல்லக் கையை ஆட்டினேன்.

இதழ்களை விரலால் தோண்டி எடுத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, மெதுவாகத் திரும்பினோம். கரை நெருங்கியபோது அவளைத் தேடினேன். நின்ற இடத்தில் இல்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள், சேலை சுற்றிலும் மிதந்தது. நான் கை ஆட்டியது அவளுக்குக் கூப்பிடுவதாகத் தெரிந்திருக்கிறது.

குதித்துப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கயிற்றைச் சுற்றினார்.

நீச்சல் தெரியாமல் எங்கே புள்ள கிளம்பினே என்று கேட்டேன்.

“கூப்பிட்டீங்கல்ல,” என்றாள். “அதாங்க, வந்துக்கிட்டு இருந்தேன்.”