தூத்துக்குடிக்குப் போன கோட்டு

அசன் முகைதீன் டெல்லியில் ஒரு தமிழ் மெஸ்ஸில் சமையல்காரர். வீடு பழவேற்காட்டில். மனைவி மெஹர்னிசா மௌத்தான பிறகு அந்த வீட்டில் இருந்தது மகள் உமைரா மட்டும்தான். இப்போது அவளும் கணவனோடு சேர்ந்து வாழ லண்டன் கிளம்புகிறாள். கடலோரத்தில் வளர்ந்தவளுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? டெல்லிக் குளிரில் அடிபட்ட அவர், தேடிப் பார்த்து ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினார்.

அவளை வழியனுப்ப வர நினைத்தபோது சென்னை டிக்கெட்டின் விலை கைக்கு எட்டவில்லை. மருமகன் அஃப்தாப் போட்டுத் தருகிறேன் என்றான். இவருக்கு மனமில்லை. அதனால் அவன் ஒரு வழி சொன்னான்.

"தூத்துக்குடி டிக்கெட் கம்மியாக்கீது மாமா. மெட்ராஸ்ல எறங்கி வேற ப்ளேன் ஏறணும். நீங்க ஏறாதீங்க, ஊட்டுக்கு வந்துகினே இருங்க. பைய மட்டும் கைய உட்டு உட்றாதீங்க. அது தூத்துக்குடிக்கே பூடும்."

பையைக் கையில்தான் வைத்திருந்தார். ஆனால் குடும்ப வழக்கத்தை விடவில்லை. கப்பலில் போய்வந்த காலத்திலிருந்தே அவர்கள் வீட்டில் யார் பயணம் போனாலும் பையைச் சாக்கில் போட்டுக் கோணி ஊசியால் தைப்பார்கள். மேலே கயிறு சுற்றி, பெயரும் ஊரும் பெரிதாக எழுதுவார்கள். அவரும் அப்படியே செய்திருந்தார்.

விமானம் ஏறும் இடத்தில் ஊழியர் பெண் நிறுத்தினாள். உள்ளே இடமில்லை, பை கீழே போகட்டும் என்றாள். கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ள முடிச்சை இழுத்தார். அவிழவில்லை. வரிசை முணுமுணுத்தது. சென்னையிலேயே இறங்குவதைச் சொன்னால் ஏற்றமாட்டார்களோ என்று பயந்து பையைக் கொடுத்துவிட்டார். பழவேற்காடு என்ற எழுத்தின் மேலேயே அவள் தூத்துக்குடிச் சீட்டை ஒட்டினாள்.

சென்னையில் அடுத்த விமானத்துக்கு ஒரு வழி, வெளியே ஒரு வழி. பைக்காகத் தூத்துக்குடி போனால் மகளைப் பார்க்க முடியாது. விடிந்தால் அவள் பயணம். வெளியே நடந்தார். பொன்னேரி வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்து வந்தார்.

"இன்னா வாப்பா, எனக்கு முன்ன என் கோட்டு ப்ளேன் ஏறிட்ச்சா?" உமைரா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும், "உடு வாப்பா, அங்க அவரு வாங்கிக் குடுப்பாரு" என்றாள். சமாதானமாகத்தான் சொன்னாள். அவருக்கு அதுதான் சுருக்கென்றது.

மறுநாள் அவளை ஏற்றிவிட்டு வீடு திரும்பினார். அவள் மறந்துவிட்டுப் போன சார்ஜர் சுவரில் தொங்கியது. அதிலேயே தன் போனைச் செருகினார். உடனே அடித்தது.

"சார், உங்க பை தூத்துக்குடி ஏர்போர்ட்ல இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

"ஊட்லதாம்மா."

"உங்களால வர முடியலேன்னா வீட்டுல வேற யாரையாவது அனுப்புங்க சார்."

அசன் முகைதீன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் இல்லம்மா," என்றார். "நானே வரேன்."