நீர்க்கடுப்பு என்று சொன்னேன்

மூன்றாவது பிரசவம் முடிந்து, பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டத் திரும்பிய மாதம்தான் அது தொடங்கியது. காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரு பக்கமும் ரப்பர் பால் வாளி தொங்க எழுந்தால் போதும், சிறுநீர் கசிந்துவிடும். தும்மினாலும் அப்படித்தான். எண்பதுகளின் தொடக்கம், பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். ஒன்றுக்கு இரண்டாகக் கைலி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

வேலையைவிடப் பெரிய பயம் வேறொன்று. பிறந்த மகள் நாற்பதாம் நாள் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, பிழைத்தால் திருவிழாவில் பால்குடம் எடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். பிழைத்துவிட்டாள். சொட்டும் உடம்போடு கோயிலுக்குள் எப்படிப் போவது? முதல் வருடம் வீட்டுக்குத் தூரம் என்று பொய் சொன்னேன். மறு வருடமும் அதே பொய்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "திருவிழாவப் பாத்துத்தான் வருதா ஒனக்கு? நாளைக்குப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஆத்தாவக் கொற சொல்லாத" என்றார். அன்றிலிருந்து மகள் இருமினாலே ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த மனுஷிமேல் அப்படி ஒரு கோபம்.

தோட்டத்து மருந்தகத்துக்குப் போனேன். மருந்து கொடுக்கும் டிரஸர் ஆண். என் பின்னால் ஆறு பேர் வரிசையில், எல்லாரும் எங்கள் லயத்துக்காரர்கள், அடுத்தடுத்த வீடு. வாய்வரை வந்ததை முழுங்கிவிட்டு, "நீர்க்கடுப்பு ஐயா" என்றேன். நீர்க்கடுப்பு கௌரவமான நோய். வெயில்மேல் பழியைப் போட்டுவிடலாம்.

அவர் மாத்திரை கொடுத்து, "பார்லி காய்ச்சிக் குடி, தண்ணி நெறையக் குடி" என்றார். நானும் மக்கு மாதிரி குடித்தேன்! அந்த வாரம் இரண்டு கைலியும் போதவில்லை. பயந்துபோய்த் தண்ணீரையே நிறுத்தினேன். பத்து நாளில் நிஜமாகவே நீர்க்கடுப்பு வந்தது.

அதற்காகத்தான் டவுனில் இருந்த அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸ், நாங்கள் மிஸி என்போம், மலாய்க்காரப் பெண். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "கெஞ்சிங் தா போலே தஹான்" என்று சொல்லிவிட்டேன், ஒன்றுக்கு அடக்க முடியவில்லை என்று. தமிழில் வராதது மலாயில் தடங்கலில்லாமல் வந்தது ஆச்சரியம்தான். சொன்னதும் அழுதேன்.

மிஸி சிரிக்கவில்லை. ஒன்றுக்குப் போகும்போது நடுவில் ஒரே ஒரு தடவை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். எந்தச் சதை இறுகுகிறதோ, அதை மற்ற நேரங்களில் பத்து எண்ணும்வரை இறுக்கி, பிறகு விட வேண்டும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. மணிக்கொரு தடவை போய்விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைத் தள்ள வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்.

என்னிடம் ஏது கடிகாரம்? மரத்தை எண்ணினேன். நூறு மரம் வெட்டியதும் புதருக்குள் ஒதுங்குவேன். பிறகு நூற்றிருபது, நூற்றைம்பது. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு தடவை இறுக்குவேன். சில மாதங்களில் ஒரு கைலி போதும் என்றாகிவிட்டது. முழுசாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாம் வருடம் குடத்தைத் தலையில் ஏற்றினேன். மாமியார் பக்கத்திலேயே நடந்து வந்தார். லயத்தைத் தாண்டும்போது சாம்பிராணிப் புகை நெஞ்சில் ஏறி இருமினேன். மஞ்சள் சேலையில் ஈரம் படர்ந்தது. நின்றுவிட்டேன். குடத்தை இறக்கிவிடலாம் என்றே நினைத்தேன்.

வழியில் பெண்கள் குடம் எடுப்பவர்களின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாமியார் ஒருத்தியின் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி, என் இடுப்பிலிருந்து கால்வரை ஊற்றினார். "நிக்காத, நட" என்றார்.

நடந்தேன். பால் சிந்தாமல் அபிஷேகத்துக்குக் கொடுத்தேன். கோயிலுக்கு வெளியே வந்து, நனைந்த சேலையோடு நடுங்கிக்கொண்டிருந்த என்னை மாமியார் ஓரமாகக் கூட்டிப்போனார்.

"நாலாவது புள்ளைக்கு நானும் நேந்துக்கிட்டேன். இந்தக் கசிவுக்குப் பயந்துதான் எடுக்கல. புள்ள தங்கல" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருடமாக அதே வீட்டில் இருந்தேன். அவருக்கு நான்காவதாக ஒரு பிள்ளை பிறந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.