காந்தா வண்டியை நிறுத்திய ஆறு வாரம்

காலை ஆறரைக்குக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரத்திலிருந்து கிளம்பும் மஞ்சள் பள்ளி வேனை ஓட்டுகிறவள் காந்தா. பதினோரு வருஷமாக ஓட்டுகிறாள். பதினாறு வயதில் அப்பாவின் டிராக்டரில் உழவு ஓட்டப் பழகியவள். முப்பத்தைந்தாம் வயதில், தன் இரண்டு பிள்ளைகளும் பெரியவர்களான பிறகு, லைசென்ஸும் பேட்ஜும் வாங்கி, பழைய வேன் ஒன்றைப் பிடித்துப் பள்ளிக்கூட ஓட்டத்தில் இறங்கினாள். ஆரம்பத்தில் பொம்பளை ஓட்டுகிறாளே என்று தயங்கிய வீடுகளே பிறகு தங்கள் பிள்ளைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு வந்தன. இருபத்திரண்டு பிள்ளைகள் ஏறுவார்கள். எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், எதை ஜன்னல் ஓரம் உட்காரவைக்கக் கூடாது, எந்த வீட்டு வாசலில் ஆள் இல்லாவிட்டால் இறக்காமல் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

நாற்பது வயதில் அவளுக்குத் தைராய்டு குறைவு என்று கண்டுபிடித்தார்கள். டாக்டர் தேவிப்ரியா எழுபத்தைந்து மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று, பச்சைத் தண்ணீரோடு. அரை மணி நேரம் கழித்துத்தான் டீ. காந்தா ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் முன்பும் மாத்திரைதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்வாள். ஒவ்வொரு தடவையும் சரியாகவே வரும். வந்து வந்து அவளுக்கே அலுத்துவிட்டது. அதனால் அந்த வருஷம் புரட்டாசியில் எடுக்க வேண்டியதைத் தள்ளிப் போட்டாள்.

அதற்கு முன்பே, ஆடியில், மருந்துக்கடையில் வேறு புட்டி கொடுத்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கடை அது. கடைக்காரர் தேவசகாயம் முப்பது வருஷமாக அங்கே நிற்கிறவர். பழைய கம்பெனி சரக்கு வரவில்லை, இதுவும் அதே மருந்துதான், அதே எழுபத்தைந்துதான் என்றார். காந்தா எண்ணை மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டாள். நூறு மாத்திரை தீர்ந்து ஐப்பசியில் போனபோது மூன்றாவதாக ஒரு கம்பெனி. அப்போதும் எண் சரியாக இருந்தது. அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மார்கழியில் குளிர் அவளை வழக்கத்துக்கு மேல் வாட்டியது. ஸ்வெட்டர் போட்டும் விரல்கள் விறைத்தன. காலையில் கண் இமைகள் உப்பியிருந்தன, செருப்பு இறுகியது. மாடிப்படி ஏறினால் தொடை கனத்தது. மாதவிடாய் நிற்கிற வயது, இப்படித்தான் இருக்கும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். பொங்கல் கழிந்து பள்ளி திறந்த வாரம், ஒரு நாள் மாலை, ஒரு பிள்ளையை இறக்க வேண்டிய தெருவைத் தாண்டிப் போய்விட்டாள். பின்னாலிருந்து பிள்ளைகள் கூவிய பிறகுதான் திரும்பினாள். பதினோரு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.

மறுநாள் காலை பிள்ளையார்பாளையத்தில் நடந்ததுதான் அவளை உலுக்கியது. நெசவுத் தெருக்களில் காலை வேளையில் பாவு போடுவார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, இடையிடையே மூங்கில் கால்களில் தாங்க வைத்திருப்பார்கள். பாவு இருந்தால் வண்டி நுழையக் கூடாது, அடுத்த தெருவில் சுற்றிப் போக வேண்டும் என்பது காந்தாவுக்குத் தெரியாததல்ல. அன்றும் அவள் பாவைப் பார்த்தாள். பிரேக்கில் கால் வைக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் நினைத்ததற்கும் கால் போனதற்கும் நடுவில் ஏதோ ஒரு இடைவெளி விழுந்தது. வேன் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இருந்தாலும் முதல் மூங்கில் கால் சாய்ந்தது. பத்துப் பன்னிரண்டு இழைகள் அறுந்தன.

பாவுக்குச் சொந்தக்காரரான கலியன் ஓடி வந்தார். காந்தா இறங்கி முதலில் பின்கதவைத் திறந்து பிள்ளைகளைப் பார்த்தாள். யாருக்கும் ஒன்றுமில்லை. திட்டத்தான் வந்த கலியன் அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா? நீ இப்படி வர்ற ஆளு இல்லியே."

"பாத்துக்கினேதான் இருந்தேன்பா. கால் லேட்டாப் போச்சு," என்றாள் காந்தா.

அந்த இடத்திலேயே அவள் சாவியைக் கழற்றினாள். வேன்களுக்கு மாற்று டிரைவராகப் போகும் இளவரசனுக்குப் போன் போட்டு வரவழைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவைத்தாள். பிறகு கலியன் வீட்டார் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து முடிக்கிற வரை, சாய்ந்த மூங்கிலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டாள். கணவர் கைலாசம் தடுத்துப் பார்த்தார். பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஊரைக் கூட்டிச் சொல்வானேன் என்றார். அவள் கேட்கவில்லை.

"நான் காந்தா பேசறேன். இன்னிக்கு என் தப்பால வண்டி பாவுல மோதிடுச்சு. பசங்க நல்லா இருக்காங்க. என் உடம்புக்கு என்னான்னு தெரியிற வரைக்கும் நான் வண்டி எடுக்க மாட்டேன். இளவரசன் எடுப்பாரு. இதை நானே சொல்றதுதான் சரின்னு தோணுச்சு."

இரண்டு வீட்டார் அன்று மாலையே பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மாற்றியவர்கள் மேல் காந்தாவுக்குக் கோபம் வரவில்லை. என் பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று கைலாசத்திடம் சொன்னாள்.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். பதினான்கு என்று வந்தது. தைராய்டு குறையக் குறைய ஏறுகிற எண் அது, நாலுக்கு மேல் போகக் கூடாது. தேவிப்ரியா முதலில் எல்லா டாக்டர்களும் கேட்பதையே கேட்டார்: மாத்திரையை விட்டுவிட்டீர்களா, டீயோடு போட்டுக்கொள்கிறீர்களா, கால்சியம் மாத்திரை ஏதாவது சேர்த்துச் சாப்பிடுகிறீர்களா? எதுவும் இல்லை என்றாள் காந்தா. டாக்டர் அவளை நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. செய்யாத தப்பை ஒப்புக்கொள்ள மனசும் வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தாள். ஆறு மாதமாகத் தான் எதையும் மாற்றவில்லையென்றால், தானாக மாறியது எது?

காலிப் புட்டிகளை அவள் எறிகிற வழக்கம் இல்லை. ஒன்றில் சேஃப்டி பின், ஒன்றில் சட்டைப் பொத்தான், ஒன்றில் வேனில் பிள்ளைகள் விட்டுப்போன ரப்பரும் பென்சில் துண்டும். எல்லாவற்றையும் தட்டில் கொட்டிவிட்டு, புட்டிகளை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போனாள். வாங்கிய வரிசைப்படி மேஜைமேல் வைத்தாள். முதல் ஐந்து வருஷத்துப் புட்டிகளில் ஒரே பெயர். கடைசி இரண்டில் வேறு வேறு பெயர்.

தேவிப்ரியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு நிதானமாக விளக்கினார். மூன்றும் ஒரே மருந்துதான், எதுவும் போலி இல்லை. ஆனால் மாத்திரை வயிற்றில் கரைகிற விதத்தில் கம்பெனிக்குக் கம்பெனி சின்ன வித்தியாசம் இருக்கலாம். பலருக்கு அது தெரியவே தெரியாது. இது இம்மி அளவில் வேலை செய்கிற மருந்து என்பதால் சிலருக்கு மட்டும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஒரே கம்பெனி மாத்திரையை ஆறு வாரம் சாப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"எது நல்ல கம்பெனின்னு கேக்காதீங்க," என்றார். "எதுவா இருந்தாலும் ஒண்ணுலயே இருங்க. மாத்த வேண்டி வந்தா, மாத்தினதுலேர்ந்து ஆறு வாரத்துல ரத்தம் எடுத்துப் பாத்துடணும். அவ்ளோதான்."

காந்தா நேராக மருந்துக்கடைக்குப் போனாள். அவள் சொன்னதைக் கேட்டதும் தேவசகாயத்துக்கு முகம் சிவந்தது. நான் என்ன கலப்பட மருந்தா விற்றேன் என்று கேட்டார். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கலப்படம்னு சொல்லலண்ணா. நீங்க குடுத்தது நல்ல மருந்துதான்," என்றாள் காந்தா. "மாத்துனா, மாத்தியிருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நானும் இனிமே தீர்ற அன்னிக்கு வந்து நிக்க மாட்டேன். ஒரு மாச மாத்திரை கையில இருக்கறப்பவே வந்து சொல்றேன். உங்களுக்கும் தேட நேரம் கிடைக்கும்."

தேவசகாயம் சீட்டில் அவள் பெயரையும் போன் நம்பரையும் கம்பெனி பெயரையும் எழுதிக்கொண்டார். பழைய கம்பெனி சரக்கு அதற்குள் திரும்பவும் வர ஆரம்பித்திருந்தது. ஒரு புட்டியை எடுத்து, முதல் தடவையாக, லேபிளை அவள் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுக் கொடுத்தார்.

அந்த ஆறு வாரமும் காந்தா வீட்டில் உட்காரவில்லை. இளவரசனுக்கு வழி தெரியும், பிள்ளைகளைத் தெரியாது. அதனால் தினமும் அவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, எங்கே நிறுத்த வேண்டும், யாரை யார் வந்து அழைத்துப்போவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சொந்த வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போவது அவளுக்குச் சுலபமாக இல்லை. திருப்பம் வரும்போதெல்லாம் அவள் வலது கால் தன்னால் கீழே அழுத்தியது. மூன்றாவது வாரம் அப்படி அழுத்தியபோது, கால் சரியான நேரத்துக்கு அழுத்துகிறது என்பதைக் கவனித்தாள். நாலாவது வாரம் செருப்பு தளர்ந்தது. அப்போதும் அவள் சாவியைக் கேட்கவில்லை. முடிவு வரட்டும் என்று இருந்தாள். மாசிக் கடைசியில் எடுத்த பரிசோதனையில் மூன்று புள்ளி இரண்டு என்று வந்தது. அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, மறுநாள் காலை வண்டியை எடுத்தாள்.

அடுத்த வருஷம் பங்குனியில் தேவசகாயமே போன் செய்தார். அவள் வாங்குகிற கம்பெனி அந்த அளவை இனிமேல் அனுப்பப் போவதில்லையாம். அவள் கையில் அப்போது ஐம்பது மாத்திரை இருந்தது. இந்தத் தடவை அவள் பதறவில்லை. வருஷம் முழுக்கத் தட்டாமல் வருகிற கம்பெனி எது என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, டாக்டரிடம் போய்க் காலண்டரைக் காட்டினாள். ஏப்ரல் கடைசியில் பள்ளி லீவு. கையில் இருக்கிற மாத்திரை அதுவரை வரும். லீவு விட்ட மறுநாள் புதியதை ஆரம்பித்தால், ஆறு வாரம் முடிகிறபோது ஜூன். உடம்பு என்ன செய்தாலும் அதற்குள் தெரிந்துவிடும், வேனில் ஒரு பிள்ளைகூட இருக்காது.

தேவிப்ரியா காலண்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னிடம் இத்தனை வருஷமாக வருகிறவர்களில் இப்படி நாள் குறித்துக்கொண்டு வந்தவர் யாருமில்லை என்றார்.

புதிய மாத்திரை அவளுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடித்தது. ஜூனில் ஐந்து புள்ளி எட்டு வந்தது. டாக்டர் அளவை எண்பத்தெட்டாகக் கூட்டினார். வண்டி ஓட்டலாமா என்று காந்தா நேராகக் கேட்டாள். டாக்டர் நாடி பார்த்து, கை நீட்டச் சொல்லி, முழங்காலைத் தட்டிப் பார்த்து, தாராளமாக ஓட்டலாம் என்றார். அடுத்த பரிசோதனைக்கான தேதியை அவர் சொல்லும் முன்பே காந்தா எண்ணிச் சொல்லிவிட்டாள்.

மருந்து வாங்கப் போனபோது தேவசகாயத்தின் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தைராய்டு மாத்திரை வாங்குகிறவர்கள் பத்தொன்பது பேர், ஒவ்வொருவருக்கும் எதிரே கம்பெனி பெயரும் அளவும். நாலு பேருடைய கம்பெனி இந்த மாதம் வராது, அவர்களுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறேன் என்றார் அவர். காந்தாவின் பெயருக்கு எதிரே பழைய அளவை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டார். அவள் புட்டியை வாங்கி, லேபிளைப் படித்து, எண்ணைச் சரிபார்த்துவிட்டு, சின்னக் காஞ்சிபுரத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் வீட்டைப் பார்த்துவரக் கிளம்பினாள்.